ஆறாவது பிடி

மலைக்கு இந்தப் பக்கம், கடலுக்கு அந்தப் பக்கம் என்று ஒரு நாடு இருந்தது. படத்தில் தேட வேண்டாம். நாட்டுப்படம் எழுத வந்தவருக்கு அந்த ஊர்க்காரர்கள் சோறு போட மறந்துவிட்டார்கள். அவரும் அந்த நாட்டைப் போட மறந்துவிட்டார். பன்னிரண்டு ஊர், ஓர் அரசர், ஒரு நெற்களஞ்சியம், ஒரு விளையாட்டு. அவ்வளவுதான் நாடு.

அரசரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர் அவர்பாட்டுக்கு இருந்தார். விளையாட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மூட்டையாட்டம் என்று அதற்குப் பெயர். உழுத மண்ணில் சுண்ணாம்பால் கோடு போட்ட களம். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். சின்னப் பலாப்பழம் அளவுக்கு ஒரு தோல் மூட்டை, உள்ளே உமியும் புளியங்கொட்டையும். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி எதிராளியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் மண்ணில் வைக்க வேண்டும். எதிராளி சும்மா இருப்பானா? கட்டிப் பிடிப்பான், கவிழ்ப்பான். கவிழ்ந்தால் ஒரு பிடி. கவிழவே வேண்டாம், மேற்கொண்டு ஓர் அடி வைக்க முடியாமல் நின்றுபோனாலும் ஒரு பிடிதான். பிடிபட்டவன் மூட்டையைக் கீழே வைத்துக் குதிகாலால் பின்னுக்குத் தள்ளுவான். பின்னால் நிற்கிற சேக்காளி எடுத்துக்கொண்டு ஓடுவான். இப்படி ஆறு பிடி வரைக்கும் போகலாம். ஆறாவது பிடி விழுந்துவிட்டால் சண்டை கிடையாது, சமாதானம் கிடையாது. மூட்டையை எதிராளி கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கிறவன் தனியாக நின்று கொடுக்க வேண்டும். அதனால் "ஆறு" என்ற குரல் கேட்டதும் அவன் ஆட்கள் எல்லாரும் பத்தடி பின்வாங்கிவிடுவார்கள். ஆறு சொன்ன பிறகும் மூட்டைக்காரன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்த நாட்டில் யாரும் பெண் கொடுப்பதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. கோட்டுக்குள் மூட்டையைத் தூக்கியவன் எவனானாலும் ஆட்டக்காரன். ஒருமுறை கல்யாண மாப்பிள்ளை ஒருவன் பந்தலுக்குப் போகிற வழியில், களத்தில் கிடந்த மூட்டையை ஆசையாகத் தூக்கிப் பார்த்தான். நின்றவர்கள் எல்லாரும் பாய்ந்து அமுக்கிவிட்டார்கள். முகூர்த்தம் தப்பிப்போயிற்று. முதலில் பாய்ந்தது மாமனார்.

பிடிகளை எண்ணிச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. அந்த நாட்டில் அந்த வேலை ஆவுடையிடம் இருந்தது. களத்தின் ஓரத்தில் பரண் மேல் உட்கார்ந்து அவள் "ஒன்னு!" என்று எடுத்தால் மூன்று வயலுக்கு அப்பால் மேய்கிற மாடு தலை தூக்கிப் பார்க்கும். ஆவுடைக்கு ஊர் கள்ளியோடை. முப்பத்தொரு வீடு. ஆடக்கூடிய ஆண்கள் எண்ணிப் பதின்மூன்று பேர். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் ஊரே படுத்துக்கொள்ளும். அணித்தலைவன் கொம்பையா அவளுடைய புருஷன்.

அதனால் அவள் ஓரவஞ்சனை செய்வாள் என்று நினைத்தவர்கள் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால், பெரிய ஊரான தலைக்கோட்டையோடு கடைசி ஆட்டம். கொம்பையா மூட்டையோடு விழுந்தான். கோட்டுக்கு அரைச் சாண் மிச்சம். ஆவுடை பரணிலிருந்து "ஆறு!" என்றாள். கோப்பை போயிற்று. மூன்று மாதம் கள்ளியோடையில் அவளுக்கு யாரும் உப்புக்கூடக் கைமாற்றுத் தரவில்லை. கொம்பையா மட்டும் மறுநாள் சாப்பிட உட்கார்ந்து, கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "அரைச் சாண் இருந்துச்சு. நீ சொன்னது சரிதாம்ளா."

இனி நெல் விஷயம். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு படி நெல் கொண்டுவந்து வாசலில் கொட்ட வேண்டும். அது அரசரின் களஞ்சியத்துக்குப் போகும். அங்கிருந்து பன்னிரண்டு ஊர் அணிக்கும் பங்கு வரும். ஆட்டம் நடக்கிற நாலு மாதமும் பதின்மூன்று பேர் வயலுக்குப் போக முடியாது. அந்தப் பங்கில்தான் அவர்கள் வீட்டு உலை கொதிக்க வேண்டும். மற்ற ஊர்களில் குதிர் நிறைய இருக்கும். கள்ளியோடையில் பங்கு வந்தால் அணி. வராவிட்டால் பதின்மூன்று பேரும் உப்பளத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

முன்பெல்லாம் ஊர்த்தலைவர்கள் கூடி நெல்லைப் பங்கு போட்டார்கள். அடித்துக்கொண்டுதான் போட்டார்கள், ஆனாலும் போட்டார்கள். அரசருக்கு யாரோ ஓதினார்கள்: ஊர்க்காரன் தன் ஊரைத்தான் பார்ப்பான், எந்த ஊரையும் சேராதவர்களைக் கொண்டு ஒரு மன்றம் வையுங்கள் என்று. அரசருக்கும் அது நியாயமாகப் பட்டது.

பன்னிரண்டே ஊர் இருக்கிற நாட்டில் எந்த ஊரையும் சேராதவனுக்கு எங்கே போவது? தேடினார்கள். நடு ஆற்றில் ஓடத்தில் பிறந்த ஒருவர் கிடைத்தார். பன்னீர் விற்க வந்து கப்பலைத் தவறவிட்ட ஒருவர் கிடைத்தார். மூன்றாமவருக்குத் தன் ஊர் எது என்பதே மறந்துபோயிருந்தது. ஓடத்தில் பிறந்தவர் மற்ற இருவரையும்விடக் கொஞ்சம் சதையாக இருந்ததால் அவரே தலைவரானார். பொதுநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். மன்றத்தின் ஓலைகளை எழுத ஒருவர் வந்தார். தன்னைக் கூடையில் கண்டெடுத்தார்கள் என்று சத்தியம் செய்தார். அவரை எல்லாரும் ஓலைநாயகம் என்றார்கள். எந்நேரமும் காதை மூடித் தலைப்பாகை கட்டியிருப்பார்.

நால்வரில் ஒருவரும் மூட்டையைத் தொட்டதில்லையாம். அதுவே அவர்களுடைய பெரிய தகுதி என்று அரண்மனை முரசு சொன்னது.

அந்த வருஷத்து முதல் ஆட்டத்துக்குப் பொதுநாதர் களத்தில் இறங்கினார். சித்திரக்காரன் ஒருவன் கூட வந்திருந்ததால் மூட்டையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கோட்டுக்குள் நட்டநடுவில் நின்றார். கூட்டத்தில் மெல்ல ஒரு சலசலப்பு. ஆவுடை பரணில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆடவர் திலகங்களே!" என்றார் பொதுநாதர். "உங்கள் பங்கு குறையாது. ஊருக்கு நூறு மரக்கால் என்பது நூறாகவே இருக்கும். ஆனால் மரக்கால் என்பது பழமையான, ஒழுங்கற்ற அளவு. இன்றுமுதல் அதற்குப் பதில் பேரளவு நடைமுறைக்கு வருகிறது." சேவகன் ஒருவன் பேரளவைத் தூக்கிக் காட்டினான். வெற்றிலைச் செல்லத்தில் சுண்ணாம்பு வைக்கிற டப்பியைவிடச் சற்றுப் பெரிது.

தலைக்கோட்டை அணித்தலைவன் மருதப்பன் முன்னால் வந்தான். ஆள் மலை மாதிரி இருப்பான், வாய் அதைவிடப் பெரிது. "ஐயா, பேரு பெருசா இருக்கு, வாயி சின்னதா இருக்கே. பழைய மரக்கால்ல ஒன்னுக்கு இது எத்தனை கொள்ளும்?"

பொதுநாதர் ஓலைநாயகத்தைப் பார்த்தார். ஓலைநாயகம் ஓலையைப் பார்த்தார். ஓலையில் பதில் இல்லை. பொதுநாதர் மூட்டையோடு அப்படியே நின்றார்.

ஆவுடையின் தொண்டைக்கு மூளையைக் கேட்டுப் பழக்கமில்லை. "ஒன்னு!" என்றாள்.

கூட்டம் குபீரென்று சிரித்தது. பிறகு, என்ன நடந்தது என்று புரிந்தது போல, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"அது என்ன சத்தம்?" என்றார் பொதுநாதர்.

சொல்லியிருக்கலாம் ஓலைநாயகம். ஆனால் ஆட்டத்தின் சட்டம் தெரியும் என்று காட்டிக்கொண்டால் கூடைக்கதை என்ன ஆவது? குனிந்து காதருகே சொன்னார்: "வாழ்த்து, பெருமானே. இந்நாட்டில் பெரியோரை எண்ணித்தான் வாழ்த்துவார்கள்."

"எத்தனை வரை எண்ணுவார்கள்?"

"ஆறு வரை."

"இதுவரை ஆறும் பெற்றவர் உண்டா?"

"அரசருக்கே கிடைத்ததில்லை."

பொதுநாதர் மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "நாம் ஆறையும் பெறுவோம்" என்றார்.

அன்று மாலை வீட்டில் கொம்பையா முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். பங்கு நெல் வந்திருந்தது. நூறு பேரளவும் ஒரு கடகப்பெட்டியின் பாதிக்கு வந்தது.

"ஏளா, நீ வெளையாட்டுக்கு எண்ணுனியா, நெசமா எண்ணுனியா?"

"நான் என்னைக்கு வெளையாட்டுக்கு எண்ணியிருக்கேன்? கோட்டுக்குள்ள நின்னாரு, மூட்டை கையில இருந்துச்சு, மேல போக முடியல. எண்ணாம என்ன செய்ய?"

"அப்ப அது கெடக்கட்டும். கணக்கு இருக்கட்டும்" என்றான் கொம்பையா. பெட்டியைப் பார்த்தான். "நம்ம பயலுவள்ல மூணு பேரு உப்பளத்துக்கு ஆள் எடுக்காங்களான்னு கேட்டாங்களாம். இன்னும் ஒரு மாசம் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன்."

அடுத்த ஆட்டத்துக்குப் பொதுநாதர் வெறும் ஓலைகளோடு வந்தார். நிஜமாகவே வெறும் ஓலைகள். ஒவ்வோர் ஊரும் அடியில் கைநாட்டு வைக்க வேண்டும். மேலே என்ன எழுதுவது என்பதை மன்றம் பின்னால் சாவகாசமாக முடிவு செய்யும். "நம்பிக்கையே ஆட்டத்தின் அடித்தளம்" என்றார்.

"எழுதுன பொறவு எங்களுக்கு வாசிச்சுக் காட்டுவியளா?" என்று கேட்டான் கொம்பையா.

மூட்டை அசையவில்லை. "ரெண்டு!" என்றாள் ஆவுடை. பொதுநாதர் பரணைப் பார்த்து லேசாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

பன்னிரண்டு ஊரும் கைநாட்டு வைக்க மாட்டோம் என்றுவிட்டன. அந்த ஊர்கள் வேறு எதிலும் ஒத்துப்போய் யாரும் பார்த்ததில்லை. மன்றம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; பதின்மூன்றாவதாக ஓர் அணியைப் படைத்தது. கழிமுகத்துக்கு வெளியே, கடல் உள்வாங்கினால் தெரியும், ஏறினால் தெரியாது என்கிற மாதிரி ஒரு மணல்திட்டு. அந்தத் திட்டுக்கு ஓர் அணி, அணிக்கு இரட்டைப் பங்கு.

"அங்க யாருய்யா இருக்கா?" என்றான் மருதப்பன்.

"எதிர்காலம் இருக்கிறது" என்றார் பொதுநாதர் சட்டென்று.

கூட்டம் பரணைப் பார்த்தது. ஆவுடை வாயைத் திறக்கவில்லை. "எண்ணு தாயி, எண்ணு!" என்று ஓரத்திலிருந்து கத்தினார்கள். "பதில் சொல்லிட்டாருல்லா? ஓரடி நகந்துட்டாரு. எப்பிடி எண்ணுவேன்?" என்றாள். தன் ஊர்க்காரன் முறைத்ததையும் அவள் கவனித்தாள். கவனித்தாலும் எண்ணவில்லை.

மருதப்பன் தலையைச் சொறிந்தான். "சரி, ஐயா. அந்த எதிர்காலம் ஆட்டம் பாக்க வரும்போது எத்தனை படி நெல்லு கொண்டாரும்?"

இதற்குப் பதில் இல்லை. "மூணு!" ஆவுடையின் குரலில் ஒரு நிம்மதி இருந்தது போல் பலருக்குப் பட்டது.

நாலாவதைக் கடல் கடந்து வாங்கினார். சூதாட்டத்துக்குப் பெயர்போன வேறு ஒரு ராஜ்யத்தில் நம் ஆட்டத்தைக் காட்டினால் உலகமே மூட்டையைத் தூக்கும் என்று மன்றம் கண்டுபிடித்தது. கள்ளியோடையும் தலைக்கோட்டையும் கப்பலேறின. ஆவுடை போனாள், சுண்ணாம்பு போயிற்று, உழுத மண் இருபது கூடை போயிற்று. கொம்பையாவின் ஆட்கள் பதினொரு நாள் வாந்தி எடுத்தார்கள். அந்த ராஜா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதில் யானை எப்போது வரும்?" என்று கேட்டார். அவருக்குப் பொதுநாதரால் பதில் சொல்ல முடியவில்லை. மூட்டை அப்போதும் அவர் நெஞ்சில்தான் இருந்தது. ஆவுடை எண்ணினாள். "கடல் கடந்தும் வாழ்த்து!" என்று பொதுநாதர் கப்பல் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஊர் திரும்பியதும் அடி விழுந்தது. கைநாட்டு வைக்காத ஊருக்கு இனிப் பங்கு கிடையாது. வருகிற பௌர்ணமி ஆட்டத்துக்குள் வைக்காவிட்டால் அணியே கிடையாது. அந்த ஆட்கள் மணல்திட்டு அணிக்கு மாற்றப்படுவார்கள். "இது தண்டனை அல்ல. சீரமைப்பு" என்றார் பொதுநாதர்.

"நாங்க எல்லாரும் போயிட்டா சனம் யாரு ஆடுறதப் பாக்க நெல்லு கொண்டாரும்?" என்றான் கொம்பையா. அவன் குரல் உயரவில்லை. உயர்த்த அவனுக்குத் தெம்பும் இல்லை. கப்பலில் போனது வந்து சேரவில்லை.

பொதுநாதர் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அஞ்சு!"

கள்ளியோடையில் அடுப்புகள் ஒருவேளைக்குக் குறைந்தன. மற்ற ஊர்கள் குதிர்களைத் திறந்து கொஞ்சநாள் தாக்குப் பிடித்தன. கள்ளியோடையின் பதின்மூன்று பேரும் துணிமூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். பௌர்ணமி ஆட்டத்தன்று ஒரு முடிவு தெரியட்டும், மறுநாள் விடிந்ததும் உப்பளத்துக்குப் புறப்படலாம் என்று பேச்சு. போனவர்கள் திரும்பி வந்து ஆடியதாக அந்த ஊரில் கதைகூடக் கிடையாது.

பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னால், உச்சிவெயிலில் ஓலைநாயகம் ஆவுடை வீட்டு வாசலில் வந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது. தலைப்பாகையை மட்டும் அவிழ்க்கவில்லை.

"அம்மணி, ஒரு சிறு விண்ணப்பம்" என்றார். "பௌர்ணமியன்று உங்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும்."

"எனக்குத் தொண்டை கட்டி இருபது வருசமாச்சே."

"கட்டிக்கொண்டால், இன்றே கள்ளியோடைக்கு நூறு மரக்கால். பழைய மரக்கால். கைநாட்டும் வேண்டாம். வண்டி ஊர் எல்லையில் நிற்கிறது." அவர் குரல் தாழ்ந்தது. "ஐந்தோடு நின்றுவிடட்டும். அவருக்கு அது என்னவென்றே தெரியாது, தாயே. நான் சொல்லவும் முடியாது."

ஆவுடை உள்ளே போய் ஒரு செம்பு கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்தபோது தலைப்பாகை ஒருபக்கம் நழுவியது. இடது காது வெளியே தெரிந்தது. பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு கெட்டியாகிப்போன காது. முன்வரிசைகளில் தலையோடு தலை முட்டி நாலைந்து வருஷம் ஆடினால்தான் காது அப்படி ஆகும்.

"கூடையில கெடந்த பிள்ளைக்குக் காது எப்பிடி இப்பிடி ஆச்சு?" என்றாள்.

ஓலைநாயகம் செம்பைக் கீழே வைத்தார். தலைப்பாகையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஓலைத் தமிழ் இல்லாத வேறு ஒரு குரலில், "சுனையூரு" என்றார். "ரெண்டாவது வரிசை. எட்டு வருசம்."

"அப்ப அஞ்சோட நிப்பாட்டச் சொல்லுதது என்னன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். வயித்துப்பாடு, மதினி. எந்த ஊர்னு சொன்னா வேலை போயிரும்."

அவர் போன பிறகு ஆவுடை உள்ளே பார்த்தாள். கதவுக்குப் பின்னால் கொம்பையா நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருந்தான்.

"பதிமூணு வீட்டு உலை" என்றான்.

"தெரியும்."

"வண்டி எல்லையில நிக்கிதாம்."

"அதும் கேட்டுச்சு. நீங்க என்ன சொல்லுதிய?"

கொம்பையா சுவரில் சாய்ந்து, தன் இரண்டு முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தான். "தொண்டை உன்னது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான். பொழுது சாய்கிற வரைக்கும் எல்லையில் நின்ற வண்டி, மாடு கத்தத் தொடங்கியதும் திரும்பிப் போயிற்று.

பௌர்ணமி அன்று பகலிலேயே களம் நிரம்பிவிட்டது. ஆறாவது வாழ்த்தைப் பெறப்போகிறோம் என்று பொதுநாதர் தங்கச் சரிகைப் பந்தல் போட்டிருந்தார். அரசரையும் அழைத்துவந்து மேடையில் உட்கார்த்தியிருந்தார். சேவகர்கள் இருபது பேர் வேலோடு சுற்றி நிற்க, மூட்டையை ஏந்திக்கொண்டு கோட்டுக்குள் நடந்தார். ஐந்து பிடியிலும் ஒரு தடவைகூட அவர் அதைக் கீழே வைத்ததில்லை, பின்னால் இருப்பவனுக்குத் தள்ளியதும் இல்லை. அன்றும் அப்படித்தான்.

"ஆறாம் ஆணை!" என்றார். "ஊர்கள் ஓயாமல் கேள்வி கேட்டு ஆட்டத்தைக் கெடுக்கின்றன. எனவே இந்தக் கணத்திலிருந்து மன்றத்தை யாரும் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது. மீறினால் வேல்."

வேல்கள் தாழ்ந்தன. மருதப்பன் திறந்த வாயை மூடினான். கொம்பையா மண்ணைப் பார்த்தான். அவ்வளவு பெரிய களத்தில் ஒரு தும்மல் இல்லை.

பொதுநாதர் வாழ்த்துக்காகக் காத்திருந்தார். நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தார். சித்திரக்காரன் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான். வாழ்த்து வரவில்லை. மேடையில் அரசர் கொட்டாவி விட்டார்.

கடைசியில் பொதுநாதரே பரணைப் பார்த்துக் கேட்டார்: "எண்ணுகாரியே! ஏன் எண்ணவில்லை?"

ஓலைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்பிடி ஐயா எண்ணுவேன்?" என்றாள் ஆவுடை. "யாராச்சும் ஒன்னு கேட்டு, நீங்க பதிலில்லாம நின்னாத்தான் எண்ண முடியும். இன்னைக்கு யாரும் கேக்கலயே."

பொதுநாதர் கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். "கேளுங்கள்! ஏன் சும்மா நிற்கிறீர்கள்? கேளுங்கள்!"

மருதப்பன் மெதுவாக முன்னால் வந்தான். வேல்முனைக்கு ஒரு முழம் தள்ளி நின்றான்.

"கேக்கக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னிய. இப்பக் கேளுங்கன்னு சொல்லுதிய. கேக்கவா ஐயா, வேண்டாமா?"

பொதுநாதர் வாயைத் திறந்தார். கேள் என்றால் ஆணை போகிறது. கேட்காதே என்றால் வாழ்த்து போகிறது. வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு காகம் பந்தலில் உட்கார்ந்து, பார்த்து, பறந்தும் போய்விட்டது. மூட்டை ஓர் அங்குலம் நகரவில்லை.

ஆவுடை கொம்பையாவைப் பார்க்கவில்லை. எல்லையிலிருந்து திரும்பிப்போன வண்டியை நினைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மூச்சை இழுத்தாள்.

"ஆறு!"

அந்தக் குரல் காதில் விழுந்ததும் வேல் பிடித்த இருபது சேவகர்களும் பத்தடி பின்வாங்கினார்கள். யாரும் சொல்லவில்லை, கால் தானாகப் போயிற்று. சேவகர்களானாலும் ஏதோ ஓர் ஊரில் பிறந்து அந்த மண்ணில் விழுந்து எழுந்தவர்கள்தானே. மேடையில் அரசர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். ஓலைநாயகம் ஒன்று, இரண்டு என்று சுத்தமாகப் பத்தடி வைத்து, இரண்டாம் வரிசைக்காரன் நிற்கிற இடத்தில், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றார். தலைப்பாகை கீழே கிடந்தது. காதைப் பார்த்துச் சுனையூர்க்காரர்கள், "ஏலே, நம்ம ஆளுடா!" என்று கத்தினார்கள்.

சரிகைப் பந்தலின் கீழே பொதுநாதர் மட்டும் நின்றார். சுற்றிலும் பத்தடிக்கு வெறும் மண்.

"என்ன இது? எல்லாரும் எங்கே போகிறீர்கள்?" என்றார். அவர் குரல் இப்போது சின்னதாக இருந்தது.

கொம்பையா எதிரே போய் இரண்டு கையையும் ஏந்தினான். "குடுத்துருங்க ஐயா" என்றான். "எல்லாரும் ஒருநா குடுக்கறதுதான். நானும் குடுத்திருக்கேன், அரைச் சாண் மிச்சம் இருக்கையில. அவமானம் ஒன்னும் இல்ல."

பொதுநாதர் கொஞ்ச நேரம் அவன் கைகளையே பார்த்தார். பிறகு மூட்டையைக் கொடுத்தார். அதன் உமி பட்டு அவர் சட்டை முன்பக்கமெல்லாம் தூசியாக இருந்தது. "இனி நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

"எதிர்ப்பக்கம் போயி நில்லுங்க. எங்கள மறிங்க. அதான் ஆட்டம்."

களஞ்சியத்தைத் திறந்தார்கள். எலிக்குப் போனது போக நெல் பாதிக்குமேல் இருந்தது. ஒரு மூலையில் வெண்கலத் தட்டுகள் ஆறு, வாழ்த்துக்கு ஒன்றாக. ஐந்தில் எண் பொறித்தாயிற்று, ஆறாவது வெறுமையாக இருந்தது. அதற்கு அடியில் பழைய மரக்கால். அன்று மாலை கள்ளியோடையில் முப்பத்தொரு அடுப்பும் எரிந்தன. கட்டி வைத்த துணிமூட்டைகளைப் பெண்கள் அவிழ்த்துக் கொடியில் போட்டார்கள்.

மூட்டை ஊர்களிடம் வந்துவிட்டதால் மன்றமும் ஊர்களிடம் வந்தது. வாங்கியவன் கொம்பையா, அவனே தலைவனானான். ஓலைநாயகம் ஓலை எழுதினார், தலைப்பாகை இல்லாமல்.

அடுத்த ஆட்டத்தன்று கொம்பையா களத்தின் நடுவில் நின்றான். மூட்டை நெஞ்சில் இருந்தது. பின்னால் மருதப்பனும் மற்ற ஊர்த்தலைவர்களும் நின்றார்கள்.

"சனங்களே, பன்னெண்டு ஊருக்கும் ஒரே பங்கு" என்றான். "பெருசு சின்னதுன்னு கெடையாது. பழைய மரக்கால்."

கைதட்டல் வயல்வரைக்கும் போயிற்று. அது அடங்கியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். பொதுநாதர். எந்நாளும் கேள்வி கேட்டே வளர்ந்தவர் போல நிதானமாகக் கேட்டார்:

"ஐயா, வாசலில் விழுகிற நெல்லில் பாதி தலைக்கோட்டைச் சனம் கொண்டுவருவது. கள்ளியோடை முப்பத்தொரு வீடு. இரண்டுக்கும் ஒரே பங்கு என்பது எந்த நியாயத்தில்?"

மருதப்பன் ஆகாயத்தைப் பார்த்தான். அவன் கேட்க நினைத்து வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்ட கேள்வி அது. கொம்பையா வாயைத் திறந்தான். மூடினான். முழங்காலைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே நின்றான்.

பரணில் ஆவுடைக்கு அவன் பிடரி தெரிந்தது. காலையில் அவள்தான் அதில் எண்ணெய் தடவிவிட்டிருந்தாள்.

"ஒன்னு!" என்றாள்.

களம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. கொம்பையாவும் பார்த்தான். பிறகு சிரித்தான். மூட்டையை மண்ணில் வைத்து, குதிகாலால் பின்னுக்கு ஒரு தள்ளு தள்ளினான். அது உருண்டு போய் மருதப்பனின் காலடியில் நின்றது.

"எடுங்க மாப்ள. பதில நீங்க சொல்லுங்க" என்றான் கொம்பையா. "இன்னும் அஞ்சு இருக்கு."

மருதப்பன் குனிந்தான். ஆவுடை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.